நடக்காத விபத்தின் கணக்கு

ஒவ்வோர் ஆண்டும் நெடுஞ்சாலைத் துறையின் மானியக் கோரிக்கை தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு வரும்போது கூடவே ஒரு கொள்கை விளக்கக் குறிப்பும் வரும். இத்தனை கிலோமீட்டர் இருவழிச் சாலை நான்குவழியானது, இத்தனை ஊர்களுக்குப் புறவழிச்சாலை, இத்தனை ரயில்வே மேம்பாலம், இத்தனை தரைப்பாலம் உயர்மட்டப் பாலமாயிற்று என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள். எல்லாம் தேவையான வேலைகள்தான். அவற்றுக்குள் ஒரு பொது அம்சமும் உண்டு: எல்லாவற்றுக்கும் ரிப்பன் வெட்டலாம், கல்வெட்டு வைக்கலாம். ரிப்பன் வெட்ட வழியில்லாத வேலைகளைத் தேடிப் போனால், பராமரிப்பு என்ற தலைப்பில் ஒரு தொகையும் சில பத்திகளும் அகப்படும். ஆனால் ஒரு கோட்டப் பொறியாளர் அலுவலகத்தையும் அதற்குக் கீழே உள்ள உட்கோட்டங்களையும் பிரிவு அலுவலகங்களையும் எடுத்துக்கொண்டு, அங்கே ஆண்டு முழுக்க யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், உழைப்பின் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகையில்தான் போகிறது. நெடுஞ்சாலை ஊழியரின் முக்கியமான சாதனை, ஏதோ ஒன்று நடக்காமல் பார்த்துக்கொள்வது. சாலை அரித்துப் போகாமல், பாலத்தடியில் அடைப்பு விழாமல், வளைவில் பேருந்து கவிழாமல் பார்த்துக்கொள்வது. நடக்காததை நாம் எண்ணுவதில்லை. எண்ணாததால் மதிப்பதில்லை, மதிக்காததால் அந்த வேலைக்கு ஆள் எதற்கு என்று கேட்கிறோம், ஆளைக் குறைத்தபின் கெட்டுப்போன சாலையைப் பல மடங்கு செலவில் திரும்பப் போடுகிறோம், போட்டதைச் சாதனைப் பட்டியலில் சேர்க்கிறோம். இந்தச் சுழலை உடைக்க வேண்டுமானால் முதலில் கணக்கெழுதும் முறை மாற வேண்டும் என்பதே இங்கே சொல்ல வருவது.

துறையின் அளவைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. பொதுப்பணித் துறைக்குள் இருந்த சாலை வேலைகள் 1946-இல் தனித் துறையாயின. இன்று அதன் பொறுப்பில் ஏறத்தாழ 66,000 கிலோமீட்டர் சாலை இருக்கிறது. மாநில நெடுஞ்சாலைகள், மாவட்ட முக்கியச் சாலைகள், மாவட்ட இதர சாலைகள் ஆகியவற்றோடு மத்திய அரசின் தேசிய நெடுஞ்சாலைகளில் ஒரு பகுதியையும் துறையின் தேசிய நெடுஞ்சாலை அலகு பார்த்துக்கொள்கிறது. இந்த நீளத்தில் பாதிக்கு மேல் மாவட்ட இதர சாலைகள். சிற்றூரையும் சந்தையையும் இணைக்கிற, செய்தியில் ஒருநாளும் வராத சாலைகள். சுங்கச்சாவடி உள்ள நான்குவழிச் சாலைகளில் பெரும்பாலானவை தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்துடையவை. ஊருக்குள் உள்ள தெருக்கள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுடையவை. ஊராட்சி ஒன்றியச் சாலைகள் வேறு கணக்கு. மக்களுக்கு இந்த எல்லைக்கோடுகள் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் குழியில் விழுந்தவர் திட்டும் திட்டு, யாருடைய சாலையானாலும் போய்ச் சேர்வதென்னவோ பெரும்பாலும் இந்தத் துறைக்குத்தான். தலைமைப் பொறியாளரில் தொடங்கி, கண்காணிப்புப் பொறியாளர், கோட்டப் பொறியாளர், உதவிக் கோட்டப் பொறியாளர், உதவிப் பொறியாளர், சாலை ஆய்வாளர் என்று இறங்கி, படிக்கட்டின் கடைசியில் சாலைப் பணியாளர் நிற்கிறார். பழைய கோப்புகளில் அவருக்கு கேங் மஸ்தூர் என்று பெயர்.

அவருடைய கையில் இருக்கும் மண்வெட்டி என்ன செய்கிறது என்பதிலிருந்துதான் பொறியியலே தொடங்குகிறது. தார்ச்சாலைக்கு முதல் எதிரி தண்ணீர். அதனால்தான் சாலையின் நடுப்பகுதியைச் சற்று மேடாக்கி இரு ஓரங்களுக்கும் சரிவு கொடுக்கிறார்கள். கேம்பர் என்று பொறியாளர்கள் சொல்லும் இந்தச் சரிவு, மழை மிகுந்த இடங்களில் நூற்றுக்கு இரண்டரை வரை இருக்கும். ஏழு மீட்டர் அகலமுள்ள சாலையில் நடுவுக்கும் விளிம்புக்கும் உயர வேறுபாடு ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை. மழைநீர் வடிந்து போவது அந்த ஒன்பது சென்டிமீட்டரை நம்பித்தான். சாலையின் இருபுறமும் உள்ள மண் ஓரத்தைப் புருவம் என்பார்கள். வண்டிகள் ஏறி இறங்கும் மண்ணும், காற்றில் வரும் புழுதியும், முளைத்து மக்கும் புல்லும் சேர்ந்து ஆண்டுக்கு ஆண்டு இந்தப் புருவத்தை உயர்த்துகின்றன. தார்ப்பரப்பைவிட அது நான்கு விரற்கடை உயர்ந்துவிட்டால் போதும், கேம்பருக்கு வேலையில்லை. ஓரத்தில் தண்ணீர் தேங்கும், தார் விளிம்பின் அடியில் இறங்கும், கீழே உள்ள ஜல்லியும் கிராவலும் ஊறி இளகும். அதற்குப் பிறகு முதல் லாரியின் சக்கரம் பட்டதும் ஓரம் பிளக்கும். அடுத்த மழையில் அது குழி. அதற்கடுத்த மழையில் குழிகளின் வரிசை. இவ்வளவையும் தடுக்கும் சிகிச்சை, உயர்ந்துபோன புருவத்தைச் சீவி, தண்ணீர் போக வாய் வெட்டி விடுவது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இரண்டு பேர் ஒருநாள் செய்கிற இந்த வேலைக்கு ஆகும் செலவையும், அதே நீளத்துக்கு மறுபடி தார் போடும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

புருவத்தோடு முடிவதில்லை. சிறுபாலங்களின் கண்களில் அடைத்துக்கொள்ளும் நெகிழிப் பைகளையும் சருகையும் வாரி எடுப்பது, வளைவில் எதிரே வரும் வண்டியை மறைக்கும் சீமைக்கருவேலத்தைக் கழிப்பது, குழியை வெறுமனே மூடாமல் அதன் ஓரங்களைச் சதுரமாக வெட்டி, அடியைச் சுத்தம் செய்து, தார்ப்பால் பூசி, கலவை இட்டு இறுக்குவது, செத்துக் கிடக்கும் கால்நடையை அப்புறப்படுத்துவது, கிலோமீட்டர் கல்லுக்கும் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கும் வண்ணம் அடிப்பது. ஒட்டுப் போடும் வேலையில் ஓரம் வெட்டுவதை விட்டுவிட்டால் அந்த ஒட்டு அடுத்த மாதம் பெயர்ந்து வரும். செய்தவருக்கும் செய்யச் சொன்னவருக்கும் இது நன்றாகத் தெரியும். சாலையோரப் புளியமரங்களுக்கு எண் எழுதி, அவற்றின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விடுவதும் இந்தத் துறையின் பழைய வழக்கம். சாலை அகலமாக ஆக அந்த எண்கள் குறைந்துகொண்டே வருகின்றன என்பது வேறு துக்கம். மேசைப் பக்கத்து வேலையும் சாதாரணமில்லை. குடிநீர்க் குழாய்க்கு, மின்கம்பிக்கு, கண்ணாடி இழைக் கேபிளுக்கு என்று சாலையைத் தோண்ட அனுமதி கேட்டு ஆண்டு முழுக்க விண்ணப்பங்கள் வரும். தோண்டியவர் சரியாக மூடினாரா என்று பார்க்க வேண்டியவர் உதவிப் பொறியாளர். ஒப்பந்ததாரர் போட்ட தாரின் நீளம், அகலம், கனத்தை எம்-புக் என்று அலுவலகத்தில் வழங்கும் அளவீட்டுப் புத்தகத்தில் அவர்தான் எழுதுகிறார். அந்தப் புத்தகத்தில் ஏறும் ஒவ்வோர் எண்ணும் பணமாகும். ஒரு சென்டிமீட்டர் கனத்தைக் கூட்டி எழுதச் சொல்லும் நெருக்கடியை ஒருவர் மறுத்தால், அந்த மறுப்பு எந்தப் பட்டியலிலும் வராது. சாலை இரண்டு ஆண்டு அதிகமாக உழைக்கும், அவ்வளவே.

சாலை எப்படித் தேய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த அன்றாட வேலையின் எடை இன்னும் விளங்கும். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. சுற்றுப்பாதைகளாகச் சாலைகளை அமைத்து, ராணுவ ஓட்டுநர்களைக் கொண்டு லாரிகளை ஓயாமல் ஓட்டி, எந்தச் சுமையில் எவ்வளவு சேதம் என்று அளந்தார்கள். அதிலிருந்து கிடைத்த விதி இன்றுவரை உலகெங்கும் சாலை வடிவமைப்பின் அடிப்படைகளில் ஒன்று: சேதம், அச்சின் சுமையோடு ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடுகிறது. அரை டன் சுமக்கும் கார் அச்சைப்போல இருபது மடங்கு சுமக்கும் பத்து டன் லாரி அச்சு, இருபது மடங்கு சேதம் செய்வதில்லை; ஒரு லட்சத்து அறுபதாயிரம் மடங்கு செய்கிறது. இந்தியாவில் நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சுக்கான சுமை வரம்பை 2018-இல் மத்திய அரசு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. பார்க்கப் போனால் பதின்மூன்று விழுக்காட்டுக்கும் குறைவான உயர்வு. நான்காம் அடுக்குக் கணக்கில் சேதம் அறுபது விழுக்காடு கூடுகிறது. வரம்பை மீறி மணலும் கல்லும் ஏற்றிப் போகும் வண்டிகள் இந்தக் கணக்கில் இல்லை. சரக்குப் போக்குவரத்துக்கு அந்த உயர்வு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அதன் பளு போய் விழுந்த இடம் சாலை. சாலையின் பொறுப்பில் இருப்பவர்களின் எண்ணிக்கையை அறுபது விழுக்காடு உயர்த்த வேண்டும் என்று அப்போது யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலக அளவில் சான்று இருக்கிறது. உலக வங்கி 1994-இல் வெளியிட்ட உலக வளர்ச்சி அறிக்கை உள்கட்டமைப்பைப் பற்றியது. முந்தைய பத்தாண்டுகளில் ஆப்பிரிக்க நாடுகள் உரிய காலத்தில் 1,200 கோடி டாலரைச் சாலைப் பராமரிப்பில் செலவிட்டிருந்தால், 4,500 கோடி டாலர் மறுகட்டமைப்புச் செலவு மிச்சமாகியிருக்கும் என்று அது கணக்கிட்டது. ஒன்றுக்கு நான்கு. வழிப்போக்கரின் டயர் செலவும் எரிபொருளும் எலும்பு முறிவும் இதில் சேரவில்லை. தமிழ்நாட்டுக்கு இதில் சொந்தப் பாடமும் உண்டு. 1997-இல் ஏறத்தாழப் பத்தாயிரம் சாலைப் பணியாளர்கள் துறையில் சேர்க்கப்பட்டார்கள். மாநிலம் செலவுக் குறைப்பில் இறங்கியிருந்த 2002 செப்டம்பரில் அவர்கள் மொத்தமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். நீதிமன்றங்களிலும் தெருவிலும் நடந்த நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2006 பிப்ரவரியில் திரும்ப வேலைக்கு வந்தார்கள். இடையில் கழிந்தது 41 மாதம். அந்தக் காலத்தைப் பணிக்காலமாக ஏற்க வேண்டும், இடையில் இறந்துபோனவர்களின் குடும்பத்துக்குக் கருணை அடிப்படையில் வேலை தர வேண்டும் என்ற கோரிக்கைகள் அதற்குப் பின் ஆட்சிகள் மாறியும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. அந்த முடிவின் மனிதத் துயரம் நிறையப் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதும்தான். பேசப்படாமல் போனது இன்னொன்று: பத்தாயிரம் பேர் சாலையில் இல்லாத 41 மாதத்தில் புருவங்களும் சிறுபாலங்களும் என்ன ஆயின, அதன் விளைவாக எந்தச் சாலை எத்தனை ஆண்டு முன்னதாக மறுபடி போடப்பட்டது என்ற கணக்கை எந்தக் கட்சியும் கேட்கவில்லை. சேமித்ததாகச் சொல்லப்பட்ட சம்பளம் எண்ணப்பட்டது. இழந்த சாலை எண்ணப்படவில்லை. நான் முன்னே சொன்ன சுழலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பேரிடர் வரும்போது மட்டும் இவர்கள் கொஞ்சம் கண்ணில் படுகிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டச் சாலைகளில் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. மின்கம்பம் நடுகிறவரும் தண்ணீர் லாரியும் மருத்துவ வண்டியும் உள்ளே போவதற்கு முன்னால், இயந்திர ரம்பத்தோடு யாராவது வழி எடுத்தாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட அதிகம். தாமிரபரணிக் கரையோரச் சாலைகள் பல இடங்களில் அறுந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் விரைவு ரயிலில் சிக்கிய எண்ணூறு பயணிகள் செய்தியானார்கள். அவர்களை எட்ட முடியாமல் போனதற்கு அறுந்த சாலைகளும் ஒரு காரணம். நீலகிரியில் 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தபோது மலைப்பாதைகள் சரிந்தன. அறுந்த இடத்தில் மணல் மூட்டை அடுக்கி, குழாய்களைப் பதித்து, மேலே கிராவல் கொட்டி, ஒரு வண்டி போகுமளவுக்குத் தற்காலிகப் பாதை எடுப்பது துறையின் முதல் கடமை. இத்தகைய நாள்களில் நல்ல வேலைக்குப் பாராட்டுச் சான்றிதழ்கள் கிடைப்பதும் உண்டு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடைப்பு எடுத்து வைத்திருந்த சிறுபாலம் ஒன்று அந்த வெள்ளத்தில் தாக்குப்பிடித்து நின்றிருந்தால், அங்கே சாலை அறுந்திருக்காது. அறுந்துபோகாத சாலையைச் சீர்செய்ய வேண்டியதில்லை. சீர்செய்யாதவருக்குச் சான்றிதழும் இல்லை. பேரிடரில் தெரியும் வீரத்துக்குப் பரிசு கொடுத்து, பேரிடரைச் சிறிதாக்கிய முன்வேலையை மறப்பது எந்தத் துறையிலும் சகஜம்தான். சாலையில் அதன் விலை அதிகம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. மண்வெட்டி பிடித்த பத்தாயிரம் பேரை அரசு சம்பளத்தில் வைத்திருக்கும் காலம் போய்விட்டது, இயந்திரமும் ஒப்பந்தமும் அதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும் என்பது. இதைத் தமிழ்நாடு சோதித்தும் பார்த்திருக்கிறது. செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தம் முதலில் பொள்ளாச்சி கோட்டத்தில் வந்தது. பிறகு வேறு சில கோட்டங்களுக்கும் பரவியது. வழக்கமான ஒப்பந்தத்தில் இத்தனை கன மீட்டர் கலவைக்கு இவ்வளவு பணம். இதில் சாலை குறித்த தரத்தில் இருந்தால் பணம், குழி விழுந்து குறித்த கெடுவுக்குள் மூடாவிட்டால் பிடித்தம். யோசனை நல்லது. சொல்லப்போனால் அது என் வாதத்தையே ஒப்புக்கொள்கிறது: குழி இல்லாமல் இருப்பதற்கு விலை உண்டு, அந்த இல்லாமையை அளக்க முடியும் என்று அந்த ஒப்பந்தம் எழுத்திலேயே சொல்கிறது. அப்படியானால் ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும் அந்த மதிப்பைத் துறையின் சொந்த ஊழியருக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? மேலும் ஒப்பந்தம் போட்டபின் ஆள் வேண்டாம் என்பதும் தவறு. தரம் இருக்கிறதா என்று சாலையில் நடந்து பார்ப்பவர் ஒருவர் வேண்டும். அவர் சம்பளம் ஒப்பந்ததாரரிடமிருந்து வரக் கூடாது. நல்ல போக்குவரத்துள்ள மாநில நெடுஞ்சாலைக்கு ஆர்வத்தோடு வரும் நிறுவனம், நாளைக்கு நான்கு பேருந்து போகும் மாவட்ட இதர சாலைக்கும் அதே ஆர்வத்தோடு வருமா என்பது சந்தேகம். புயல் இரவில் எந்த ஓடை எந்தச் சிறுபாலத்தை முதலில் மூழ்கடிக்கும் என்ற அறிவு, அந்தப் பிரிவில் இருபது ஆண்டு வேலை பார்த்தவர் தலையில்தான் இருக்கிறது. ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டு. இயந்திரம் வேண்டும், ஒப்பந்தமும் சில இடங்களில் வேண்டும். இரண்டையும் வேலை வாங்கத் தெரிந்த நிலையான ஆள் அதைவிட முக்கியமாக வேண்டும்.

இரண்டாவது மறுப்பு காட்டமானது. இந்தத் துறையைப் பற்றிச் சாதனை என்று பேசுவதா? கமிஷன் பேச்சு அடிபடாத ஒப்பந்தம் எது, போட்ட மாதமே பெயரும் சாலை எத்தனை என்று வாசகர் கேட்பார். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே தென்பெண்ணையின் குறுக்கே ஏறத்தாழ 16 கோடி ரூபாயில் கட்டிய உயர்மட்டப் பாலம், 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டு அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. வடிவமைப்பில் கணக்கிட்டதைப் போலப் பல மடங்கு தண்ணீர் வந்துவிட்டது என்பது அரசுத் தரப்பு விளக்கம். அந்த விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். சாத்தனூர் அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் எவ்வளவு வரக்கூடும் என்று கணிப்பதும் பொறியியலின் பகுதிதானே என்ற கேள்வி நிற்கிறது. இதை மறைத்துவிட்டு ஊழியர் பெருமை பேசுவது விளம்பரமாகிவிடும். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, இன்னொரு பக்கத்திலிருந்து அதைத் தாங்குகிறது. அந்தப் பாலமும் திறந்த அன்று சாதனைப் பட்டியலில் ஓர் எண்ணாகத்தான் ஏறியது. திறப்பு நாளோடு கணக்கை மூடும் முறையில், மூன்று மாதம் நின்ற பாலத்துக்கும் நூறு ஆண்டு நிற்கப்போகும் பாலத்துக்கும் ஒரே மதிப்பெண். ஊழலுக்கும் இந்தக் கணக்குமுறைதான் வசதி. சாலை போடும் அன்று எல்லாச் சாலையும் கருப்பாக, பளபளப்பாகத்தான் இருக்கும். ஐந்தாம் ஆண்டில் எது எப்படி இருக்கிறது என்று பெயரோடு வெளியிட்டால், அளவீட்டுப் புத்தகத்தில் நேர்மையாக எழுதியவரும் மற்றவரும் தாமாகவே பிரிந்து தெரிவார்கள். இப்போது இருவருக்கும் ஒரே திட்டு.

மாதச் சம்பளம் வாங்குகிறவர் தன் வேலையைச் செய்வதற்குப் பாராட்டு எதற்கு என்பது மூன்றாவது. இதில் பாதி சரி. சால்வையும் கேடயமும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதால் சாலைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மதிப்பு என்பது சால்வை அல்ல. காலியிடங்கள் நிரம்புவது மதிப்பு. வேகமாக வண்டிகள் போகும் சாலையில் குனிந்து வேலை செய்கிறவருக்கு ஒளிரும் மேற்சட்டையும், முன்னூறு அடிக்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகையும் கூம்புகளும், கொடி காட்ட இன்னொரு ஆளும் இருப்பது மதிப்பு. இரண்டு செங்கல்லையும் ஒரு மரக்கிளையையும் தடுப்பாக வைத்துவிட்டு ஒருவரைப் புருவம் வெட்ட அனுப்புவது, அவர் உயிரை நாம் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. கிண்டியில் உள்ள நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையத்தின் பரிசோதனை முடிவுகள் உட்கோட்டத்துச் சாலை ஆய்வாளர் வரை பயிற்சியாக இறங்குவதும் மதிப்புதான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், கழிவு நெகிழியைச் சூடான ஜல்லியின்மேல் பூசித் தாரோடு கலக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 2018-இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. நெகிழிச் சாலை எல்லோருக்கும் தெரிந்த பெயராயிற்று. அதே கலவையைச் சரியான சூட்டில், சரியான அளவில் இட்டு, நாள் முழுக்க வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்ற களப் பொறியாளரும் தொழிலாளரும் இல்லாமல் எந்தக் கண்டுபிடிப்பும் ஆய்வகத்தை விட்டுச் சாலைக்கு வருவதில்லை.

கடைசி மறுப்புதான் கனமானது: நடக்காததை எப்படி அளப்பது? அப்படி அளக்கப் புகுந்தால், நடக்காத எல்லாவற்றுக்கும் எல்லோரும் உரிமை கொண்டாடமாட்டார்களா? ஆபத்து உண்மையானது, அதற்கு நம் மாநிலமே சாட்சி. 2016-இல் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் 17,218 பேர் இறந்தார்கள். 2019-இல் அது 10,525 ஆகக் குறைந்தபோது மாநிலம் நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டது. 2022-இல் எண்ணிக்கை 17,884. குறைந்ததற்கு உரிமை கோரக் காவல்துறை, போக்குவரத்துத் துறை, நெடுஞ்சாலைத் துறை, 108 ஊர்தி என்று வரிசை இருந்தது. கூடியதற்கு அப்படி ஒரு வரிசையை யாரும் பார்க்கவில்லை. மாநிலம் முழுவதற்குமான ஓர் எண்ணை ஒரு துறை ஊழியரின் மதிப்பெண்ணாக வைக்கக் கூடாது என்பதைத்தான் இது காட்டுகிறது. அளக்கவே கூடாது என்பதை அல்ல. இடத்தைச் சுருக்கினால் அளக்கலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரையறைப்படி, ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள் நடந்திருந்தால், அல்லது பத்துப் பேர் இறந்திருந்தால், அது கரும்புள்ளி. எந்த வளைவு, எந்த முச்சந்தி என்பது கோப்பில் இருக்கிறது. அங்கே கிளையைக் கழித்து, பக்கச் சாலையில் வேகத்தடை போட்டு, மையத்தில் ஒளிரும் பொட்டுகள் பதித்து, தேங்கும் தண்ணீருக்கு வழி விட்டபின், அடுத்த மூன்று ஆண்டில் என்ன நடந்தது என்று பார்த்தால் நடக்காத விபத்துகளுக்கு ஓரளவு நம்பத்தகுந்த எண் கிடைத்துவிடும். எந்த வேலையும் நடக்காத பக்கத்து இடங்களோடு ஒப்பிட்டால், தற்செயலாகக் குறைந்ததையும் பிரித்துவிடலாம். குழிகளுக்கும் அப்படியே. துறை 2023-இல் கொண்டுவந்த நம்ம சாலை செயலியில் மக்கள் குழியைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். சரிசெய்யக் கெடு இருக்கிறது. ஆனால் புகாரைத் தீர்த்த வேகத்தை மட்டும் எண்ணினால் குழி விழுந்த பிறகு ஓடி மூடுகிற பிரிவுக்கு முழு மதிப்பெண், புருவம் வெட்டிக் குழியே விழாமல் வைத்திருக்கும் பிரிவுக்குப் புகாரே இல்லாததால் பூஜ்யம். ஒரே மழையில், ஒரே வயதுள்ள, ஒரே அளவு போக்குவரத்துள்ள இரு சாலைகளில் எதில் குழி குறைவு என்று எண்ணுவதே சரியான அளவுகோல். அதற்கு வேண்டிய தரவு எல்லாம் கோட்ட அலுவலகங்களில் ஏற்கெனவே கிடக்கிறது: சாலையின் பரப்பு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, போக்குவரத்துக் கணக்கெடுப்பு, மேடுபள்ள அளவீடு, பராமரிப்புச் செலவு.

ஆக, கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கொள்கை விளக்கக் குறிப்பில் அட்டவணைகளோடு அட்டவணையாக இன்னும் இரண்டு. ஒன்றில், கோட்டவாரியாக, தம் முழு ஆயுளையும் கடந்து இன்னும் புதுப்பிக்கத் தேவைப்படாமல் ஓடும் சாலைகள் எத்தனை கிலோமீட்டர், ஆயுள் முடியும் முன்பே மறுபடி போடப்பட்டவை எத்தனை கிலோமீட்டர். மற்றொன்றில், கரும்புள்ளிப் பட்டியலிலிருந்து வெளியேறிய இடங்கள், வெளியேறிப் பின் திரும்பி வந்த இடங்கள், அந்தந்தப் பிரிவில் சாலைப் பணியாளர் இடங்கள் எத்தனை, நிரம்பியிருப்பவை எத்தனை. அதைப் பார்த்தபின் எந்தக் கோட்டத்துக்குப் பரிசு, எங்கே விசாரணை, எங்கே ஆள் வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினர்கள் தாங்களே கேட்டுக்கொள்வார்கள். புதிய மேம்பாலம் கேட்டு எழுந்திருப்பவர்களில் சிலராவது, என் தொகுதியில் புருவம் வெட்ட ஏன் ஆளில்லை என்று கேட்க அப்போது காரணம் இருக்கும்.